அரைவால் பூனையும் ஷி சூ நாயும்

தெலுக் இந்தான் பாசாரில் மீன் கடைப் பக்கம் திரியும் பூனைகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலவற்றுக்கு முழு வால் கிடையாது. சிலவற்றுக்குப் பாதி வால். சிலவற்றுக்கு வெறும் முடிச்சு. சிலவற்றின் வால் நுனியில் ஒரு கொக்கி. கதவில் நசுங்கியது, யாரோ வெட்டிவிட்டார்கள் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் அது பிறவியிலேயே வந்தது. மலாய்த் தீவுகள், சயாம், பர்மா ஆகிய இடங்களில் பூனைகளுக்கு இப்படிக் குட்டை வால் இருப்பதை 1868இல் வெளிவந்த நூலில் சார்லஸ் டார்வின் குறித்திருக்கிறார். கருவில் முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாக ஒரு காலக்கணக்கு உண்டு. அதில் பங்குள்ள ஹெச்இஎஸ்7 என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே ஆசியக் குட்டைவால் பூனைகள் பலவற்றில் காரணமாகத் தெரியவந்துள்ளது.

நாயையும் பூனையையும் சேர்த்து வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்துவிட்டு வாலுக்கு எங்கே போனேன் என்று கேட்கலாம். இரண்டும் முதன்முதலில் பேசிக்கொள்வதே வாலால்தான்.

நாம் தோட்டப்புறத்தில் இருந்தவரை இரண்டையும் சேர்த்து வளர்ப்பது பெரிய சிக்கலாக இல்லை. ஜெண்டராட்டா போன்ற தோட்டங்களின் லயங்களில் நாய்க்கு வாசல், பூனைக்கு அடுப்படி. நாய் காவலுக்கு, பூனை எலிக்கு. துரத்தினால் பூனை கூரைக்குத் தாவிவிடும், கதை முடிந்தது. இப்போது தாமான் வீட்டில் இரண்டும் ஒரே ஹாலில். ஷி சூவோ பாமரேனியனோ சோபாவில் படுத்திருக்க, ஏற்கெனவே அந்த சோபாவை ஆண்டுகொண்டிருந்த பூனை அலமாரி உச்சியிலிருந்து முறைக்கிறது. ஓடி ஒளியக் கூரை இல்லை.

இந்த முறைப்புக்கு வேர் மிகப் பழையது. நாயின் மூதாதை ஓநாய். கூட்டமாக வேட்டையாடும், கூட்டத்தின் முகம் பார்த்து நடக்கும் விலங்கு. மனிதனோடு அது சேர்ந்து பதினான்காயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. பூனையின் மூதாதையான காட்டுப்பூனை தனியாக வேட்டையாடுவது. தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடி அதுவாகவே மனிதர் பக்கம் வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனிதருக்கு அருகே பூனையையும் புதைத்திருந்தார்கள். பூனை எலிக்கு எமன்தான், ஆனால் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு அதுவே இரை. அதனால் புதிய பிராணி ஒன்று வந்தால் நாய்க்கு முதலில் எழுவது ‘யார் இது?’ என்ற ஆவல். பூனைக்கு முதலில் எழுவது ‘எந்த வழியாக ஓடலாம்?’ என்ற கணக்கு.

இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் 748 வீடுகளில் கேட்டுப் பார்த்தார்கள். வீட்டில் அமைதி நிலவுமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது நாயின் மனநிலையைவிடப் பூனையின் மனநிலை என்று தெரிந்தது. சீறி மிரட்டுவதிலும் பூனையே முந்திக்கொள்கிறது. காயப்படுத்துவதும் நாயைவிடப் பூனைதான் அதிகம். நம் வீடுகளில் அதட்டு வாங்குவதோ நாய்! நாயை அடக்கிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பாதி வீடுகளில் நடக்கும் தவறு. பூனைக்குப் பயம் தெளிய வேண்டும்.

இனி வாலுக்கு வருவோம். நாய் வாலை அகலமாக ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலைப் படபடவென்று அடித்தால் ‘கிட்டே வராதே’. பூனை வாலைச் செங்குத்தாக நிமிர்த்தி வந்தால் அது வணக்கம். நாய் விறைப்பாக வாலை உயர்த்தினால் அது மிடுக்கு, சில சமயம் சவால். நாய் மல்லாந்து படுத்தால் பணிவாகவோ விளையாட்டாகவோ இருக்கும். மிரண்ட பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் தயார் என்று பொருள். ஆக, நாய் விளையாடக் கூப்பிடுகிறது, பூனை எச்சரிக்கிறது, எச்சரிக்கையை அழைப்பு என்று எண்ணி நாய் மூக்கை நீட்டுகிறது, விழுகிறது ஓர் அறை.

ஆச்சரியம் என்னவென்றால் இந்த அந்நிய மொழியை இரண்டும் கற்றுக்கொள்கின்றன. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஃபாயர்ஸ்டைனும் டெர்க்கலும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டில் வளரும் நாயும் பூனையும் எதிரெதிர்ப் பொருள் தரும் சைகைகளைக்கூடப் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொண்டன. பூனைகள் செய்வதுபோல் மூக்கோடு மூக்கு வைத்து முகமன் சொல்லும் நாய்களையும் கண்டார்கள். பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஒரு வயதுக்குள்ளும் வீட்டுக்கு வந்திருந்தால் நட்பு எளிதாக அமைந்தது. பூனை முதலில் வந்திருந்தால் இன்னும் நல்லது.

அப்படியானால் அரைவால் பூனை என்ன செய்யும்? கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் லீவரும் ரைம்செனும் ஒரு பொம்மை நாய்க்கு நீள வாலும் குட்டை வாலும் மாற்றி மாற்றிப் பொருத்தி, தொலைவிலிருந்து இயக்கினார்கள். நீள வால் ஆடியபோது மற்ற நாய்கள் தயங்காமல் நெருங்கின, ஆடாதபோது தயங்கின. குட்டை வால் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவற்றுக்கு அவ்வளவாக வேறுபாடு தெரியவில்லை. அது நாய்க்கும் நாய்க்கும் இடையிலான சோதனை. ஆனால் நம் ஊர்ப் பூனை வளர்ப்போர் இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம் என்பது என் எண்ணம்: வாலை நம்பாதீர்கள், காதைப் பாருங்கள். பக்கவாட்டில் தட்டையாக மடங்கிய காது, விரிந்த கண்மணி, குறுக்கிய உடம்பு — இவை வால் இல்லாமலே செய்தி சொல்லும். அந்தச் செய்தியைப் புதிய நாய் படிக்காது. நீங்கள் படித்து நாயை விலக்க வேண்டும்.

அறிமுகம் கண்ணில் தொடங்கக் கூடாது, மூக்கில் தொடங்க வேண்டும். முதல் சில நாள் நாய் ஓர் அறையில், பூனை வீட்டின் மற்ற பகுதியில். நாய் படுத்த துணியைப் பூனைக்கும், பூனை படுத்ததை நாய்க்கும் மாற்றிப் போடுங்கள். மூடிய கதவின் இருபுறமும் சோறு வையுங்கள். அந்த வாசம் வரும்போதெல்லாம் நல்லது நடக்கிறது என்று இரண்டின் மூளையும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு நாயைக் கயிற்றில் பிடித்தபடி தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள். நெருங்குவதா வேண்டாமா என்பதைப் பூனை முடிவுசெய்யட்டும். நாய்க்குட்டியைத் தூக்கிப் பூனையின் முகத்துக்கு நேரே நீட்டுவது மகா மோசம். எட்டாத உயரத்தில் பூனைக்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும். அதன் சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே இருக்கட்டும். ஒன்றன் உணவை மற்றது தின்று பழகக் கூடாது. பூனைக்குத் தேவையான டாரின் சத்து நாய் உணவில் போதிய அளவு இல்லாமல் போகலாம். கொழுப்பு மிகுந்த பூனை உணவோ நாய் வயிற்றுக்கு ஆகாது.

சின்ன நாய்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். டெரியர் வகைகள் பலவும் எலி பிடிக்கவே வளர்த்தெடுக்கப்பட்டவை. ஓடும் உருவத்தைக் கண்டால் கால் தானாக ஓடும். ஷி சூ, பெக்கிங்கீஸ் நாய்களுக்கு ஆபத்து மறுபக்கம். பிதுங்கிய கண், பூனை நகம் ஒருமுறை பட்டாலே கருவிழியில் புண்ணாகிவிடும். கண்ணைச் சுருக்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வாரக்கணக்கில் ஆகலாம். சில பூனைகள் கடைசிவரை நாயை விரும்புவதில்லை, சகித்துக்கொள்கின்றன. அதுவே போதும், கட்டிப்பிடித்து உறங்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

கட்டிப்பிடித்து உறங்கத் தொடங்கிவிட்டாலோ புதிதாக ஒரு கவலை சேரும். நம் ஈரமான ஊரில் உண்ணித் தொல்லைக்கு ஓய்வே இல்லை. நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய் உடல் அதை எளிதில் கழித்துவிடும். பூனையின் கல்லீரலால் முடியாது. நமக்குச் சாதாரணமான பனடோல் பூனைக்கு நஞ்சாவதும் இதேபோன்ற குறையால்தான். மருந்து தடவிய நாயின் முதுகைப் பாசத்தோடு நக்கிவிடும் பூனை, அல்லது அதை அணைத்துப் படுக்கும் பூனை, நடுக்கமும் வலிப்பும் கண்டு இறந்தும் போகலாம். பூனை உள்ள வீட்டில் நாய்க்கு உண்ணி மருந்து வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். பெர்மெத்ரின் என்று இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு, வீட்டில் பூனையும் இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்கள்.