பார்த்த படத்தைப் பற்றிக் கருத்துரைத்தல்

ஒரு திரைப்படத்தைப் பார்த்தபின் "நன்றாக இருந்தது" என்று சொல்வது கருத்தின் தொடக்கமே. "ஏன்?" என்னும் வினாவிற்கு விடை கூறும்போதுதான் அது கருத்துரையாக நிறைவுறும்.

எடுத்துக்காட்டாக, 2024ஆம் ஆண்டு சிதம்பரம் இயக்கத்தில் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படத்தைக் கொள்வோம். 2006இல் நம் கொச்சியை அடுத்த மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர்களுள் ஒருவர் குணா குகையின் பள்ளத்தில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிற்றின் துணையால் இறங்கி அவரை மீட்டார். இவ்வுண்மை நிகழ்வே படத்தின் கதை. இதுவரை கூறியவை செய்திகள்.

இனிக் கருத்துகளைக் காண்போம். "1991இல் வெளிவந்த 'குணா' படத்தில் காதலைப் பாடிய பாடல் இங்கு நட்பின் பாடலாகிறது, அதனால் மீட்புக் காட்சி என்னை உருக்கியது" என்பார் ஒருவர். "உதவி கேட்ட இளைஞர்களைத் தமிழ்நாட்டுக் காவலர் அடிப்பதாகக் காட்டியது எனக்கு வருத்தமளித்தது" என்பார் மற்றொருவர். "அவ்வூர்க் கடைக்காரர் உதவுவதையும் காட்டியுள்ளனரே" என்பார் இன்னொருவர். மூவரும் காட்சிகளையே சான்றாகத் தருவதால் மூன்றும் மதிக்கத்தக்க கருத்துகள்.

இப்படத்தில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கின்றன. மட்டாஞ்சேரியில் வாழும் நீங்கள் இரண்டையும் நேரடியாகக் கேட்டு உணர்வீர்கள். காவலர் அடிக்கும் காட்சியைப் பற்றி உங்கள் வீட்டார் ஒன்றும் அண்டை வீட்டு நண்பர் வேறொன்றும் கூறலாம். இருவர் கூறுவதையும் பொறுமையாகக் கேட்டபின் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பயிற்சி: அண்மையில் பார்த்த படம் அல்லது தொடர் ஒன்றைப் பற்றி 'என் கருத்தில்', 'ஏனெனில்', 'ஆயினும்' ஆகிய சொற்களை அமைத்து ஐந்து தொடர்கள் எழுதுக.