திண்ணையா... திவானா?

"நாய் வாங்கிக்கோ, வேணாங்கல. ஆனா வாசப்படி தாண்டி அது உள்ள வந்துச்சு... நீயும் அதோட சேர்ந்து வெளியதான்!"

இந்த டயலாக் உங்க வீட்டுலயும் ஓடியிருக்கும். குட்டியைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்த அன்னிக்கு ராத்திரியே பஞ்சாயத்து ஆரம்பிச்சிருக்கும். அம்மா ஒரு கட்சி, நீங்க ஒரு கட்சி, அப்பா வழக்கம்போல நியூஸ் சேனல் கட்சி. குட்டி மட்டும் எதுவும் புரியாம, போர்டிகோவுல உட்கார்ந்து விடிய விடிய "ஊ...ஊ..."ன்னு கச்சேரி.

தர்மபுரிக்காரங்களுக்கு இந்தப் பஞ்சாயத்துல ஒரு ஸ்பெஷல் பாயின்ட் இருக்கு. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில போயிருக்கீங்களா? பூசணிக்காய் விளக்கோட எவ்வளவு கூட்டம்! அந்த பைரவருக்கு வாகனம் யாரு? சாட்சாத் நம்ம நாயார்தான். சாமி பக்கத்துலயே நிக்கிறவரு, நம்ம ஹால்ல மட்டும் நிக்கக் கூடாதாம். மகாபாரதத்துல தர்மர், "இந்த நாய்க்கு அனுமதி இல்லேன்னா எனக்கும் சொர்க்கம் வேணாம்"னு வாசல்லயே நின்னுட்டாரு. இந்த ரெண்டையும் அம்மாகிட்ட எடுத்து விட்டுப் பாருங்க. வேலைக்கு ஆகாது. இருந்தாலும் ட்ரை பண்றதுல தப்பில்ல.

சரி, விளையாட்டை விடுங்க. "அந்தக் காலத்துல நாயெல்லாம் வெளியதானே கிடந்துச்சு? நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னு தாத்தா கேட்பாரே, அந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லணும். அதுக்கு நம்ம பக்கத்துலயே 1400 வருஷம் பழசான ஒரு சாட்சி இருக்கு.

தர்மபுரி அரசு அருங்காட்சியகத்துல வரிசையா நடுகற்கள் பார்த்திருப்பீங்க. ஆநிரை காக்கப் போய்ச் செத்த வீரர்களுக்கு எடுத்த கற்கள். நம்ம தர்மபுரியும், பக்கத்துல செங்கம் வட்டாரமும் நடுகல்லுக்கே பேர் போன பூமி. அரூர் தாண்டி திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ள நுழைஞ்சா, தண்டராம்பட்டு பக்கத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டில், அதாவது 7-ம் நூற்றாண்டில் எடுத்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கான கல் அது. அந்த வீரன் உருவத்துக்குப் பின்னாலேயே ஒரு நாயும் நிற்கிறது. நாய்க்குத் தனியாகக் கல்வெட்டு வாசகம்! அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் சொல்கிறது.

ராஜா பேர் இருக்கிற கல்லுல நாய் பேரும் இருக்கு பாஸ். நம்மில் எத்தனை பேருக்கு அந்த பாக்கியம் கிடைக்கும்?

இந்தக் கோவிவன் மெத்தையில படுத்திருக்காது. தாத்தா சொல்றது அதுவரைக்கும் சரி. ஆனா அதோட 'வெளியே'ங்கிறது என்ன? எருமை மந்தை, கூடவே எஜமான், ஓடித் திரிய காடு கரை. பகலெல்லாம் ஆளோட, ராத்திரியெல்லாம் பட்டியோட. இன்னிக்கும் ஆட்டுப் பட்டிக்குக் காவல் இருக்கிற நாய்க்குக் கிட்டத்தட்ட அதே வாழ்க்கைதான். அதைக் கூட்டிட்டு வந்து உங்க வீட்டு ஏசி ரூம்ல அடைச்சா அதுக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

இப்ப உங்க வீட்டு 'வெளியே'யைப் பாருங்க. திண்ணையை இடிச்சு கார் நிறுத்த போர்டிகோ போட்டாச்சு. தொழுவம் போன இடத்துல தண்ணித் தொட்டி. மிச்சம் இருக்கிறது காம்பவுண்டு சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல மூணடி சந்து, இல்லாட்டி மொட்டை மாடியில தகர ஷெட். அங்கே நாலடிச் சங்கிலி. காலையில ஒரு தட்டு, சாயங்காலம் ஒரு தட்டு. இதுக்குப் பேரு 'வெளியில வளர்க்கிறது'ன்னு தாத்தா ஒத்துக்குவாரா? கோவிவன் ஒத்துக்குமா?

அதனால உள்ளேயா வெளியேயாங்கிற சண்டைக்கு முன்னாடி, சங்கிலி விஷயத்தைப் பேசி முடிச்சிடுவோம். இது வெறும் பாசம் சம்பந்தப்பட்ட மேட்டர் இல்ல, சட்டமே இருக்கு. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிப் போடுவதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதுமான நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதையும் தனியாகவே குற்றப் பட்டியலில் வைத்திருக்கிறது. முதல் தடவைக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு ப்ளேட் சிக்கன் பக்கோடா காசு! அதனாலதான் யாரும் சீரியஸா எடுத்துக்கல போல.

ஹட்ச் நாயும் நம்ம ஊர் வெயிலும்

2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஓடிச்சே, பக் நாய்... ஞாபகம் இருக்கா? அப்புறம் ஆளாளுக்கு பக் வேணும்னு கிளம்பிட்டாங்க. அழகுதான். ஆனா அந்தச் சப்பை மூக்குதான் அதுக்கு எமன். நாய்க்கு நம்மை மாதிரி உடம்பு பூரா வேர்க்காது. பாதத்துல கொஞ்சம், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைச்சுத்தான் சூட்டை வெளியே தள்ளணும். மூக்கும் மூச்சுப் பாதையும் குறுகலா இருக்கிற பக், பாக்ஸர், புல்டாக் வகைகளுக்கு அதுவும் சரியா வராது.

நாயின் சாதாரண உடல் சூடே 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஆபத்து. சித்திரை வெயிலில் மத்தியானம் ஒரு மணிக்குத் தகர ஷெட்டுக்குள்ள உங்க கையை ஒரு நிமிஷம் நீட்டிப் பாருங்க, மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம். இரைப்பு அடங்காம, எச்சில் கெட்டியா வழிஞ்சு, கால் தடுமாறினா நிழலுக்குத் தூக்கிட்டுப் போய்ச் சாதாரணத் தண்ணியில நனைச்சு, ஃபேனைப் போட்டுட்டு உடனே கால்நடை மருத்துவரைப் பார்க்கணும். "சாயங்காலம் பார்த்துக்கலாம்" கிடையாது.

பெங்களூரு நம்ம பக்கத்துலயே இருக்கிறதால அங்கே இருந்து சைபீரியன் ஹஸ்கி வாங்கிட்டு வர்ற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பேரிலேயே ஊர் இருக்கு. படிச்சுட்டு வாங்குங்கப்பா!

அப்போ நாட்டு நாய்க்குக் கவலையே இல்லையா? சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் நம்ம வெயிலுக்கே பிறந்ததுங்க. 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால் தலையே வந்துச்சு. ஆனா சிப்பிப்பாறை உடம்புல கொழுப்பு கிடையாது, முடியும் குட்டை. மார்கழிப் பனியில வெறும் சிமென்ட் தரையில விட்டா நடுங்கும். பழைய சாக்கு, காத்து அடிக்காத மூலை, தரையை விட்டு உயர்ந்த பலகை... இதுகூட இல்லாம "நாட்டு நாய், தாங்கும்"னு சொல்றது நியாயமா? அப்புறம் ஓட்டம். வேட்டைக்கு ஓடின ஜாதி அது. உள்ளே வெச்சாலும் வெளியே வெச்சாலும் தினமும் ஓட விடலைன்னா உங்க சோபா காலி.

குடிதண்ணியையும் கொஞ்சம் கவனிங்க. ஃப்ளோரைடு பயத்துல போராடித்தான் நமக்கு 2013-ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு. நாய்த் தட்டுல மட்டும் இன்னும் போர் தண்ணி!

குரைச்சா வர்ற விருந்தாளி

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் காட்டு ஓரத்துல வீடு இருக்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி வேற லெவல். காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது; கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டக் காடுகளும் அதில் வரும். அங்கே சிறுத்தை இருக்கு. சிறுத்தைக்குப் பிடிச்ச ஐட்டத்துல நாயும் ஒண்ணு. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், வயலும் ஊரும் கலந்த இடத்தில் வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். அவை தின்ற இறைச்சியின் எடையில் 39 சதவீதம் நாய். ஆடு மாட்டைவிட அதிகம்!

ராத்திரி நாய் குரைச்சா சிறுத்தை ஓடிடும்னு நினைக்கிறோம். அதுக்கு அது சாப்பாட்டு மணி மாதிரி. கட்டிப் போட்ட நாய்னா இன்னும் வசதி, ஓடக்கூட முடியாது. இமயமலைப் பக்கம் இடையர்கள் நாய் கழுத்துல முள் வெச்ச இரும்புப் பட்டை மாட்டுறது இதுக்காகத்தான். நமக்கு அவ்வளவு வேண்டாம். பொழுது சாஞ்சதும் நாயை வீட்டுக்குள்ளயோ, கதவு போட்ட கொட்டகைக்குள்ளயோ சேர்த்துட்டாப் போதும். வாசல்ல நாய் இல்லேன்னா சிறுத்தை வீட்டுப் பக்கம் வர்றதுக்கு ஒரு காரணம் குறையும், உங்க தம்பி தங்கச்சிக்கும் அதுதான் நல்லது.

அம்மா கட்சி சொல்றதும் கேட்போம்

"முடி கொட்டும், உண்ணி வரும், வியாதி வரும்." மூணும் உண்மை. மறுத்துப் பேசாதீங்க, தோத்துடுவீங்க.

ஆனா ஒரு சமாச்சாரம். நம்ம ஊர் நாய்கள்ல பரவலா இருக்கிற பழுப்பு உண்ணி, வீட்டுச் சுவரையே வீடா ஆக்கிக்கிற ஜாதி. நாய் ரத்தத்தைக் குடிச்சுட்டு, கீழே விழுந்து, சுவர் விரிசல்ல ஆயிரக்கணக்குல முட்டை போடும். போர்டிகோவுல கட்டின நாயோட உண்ணியும் நிலைப்படி விரிசல்லதான் குடும்பம் நடத்துது. நாயை வெளிய வெச்சதால உண்ணி உள்ள வராதுன்னு எந்த உத்தரவாதமும் இல்ல. மருந்து போட்டாத்தான் போகும், அதுவும் நாய்க்கும் இடத்துக்கும் சேர்த்துப் போட்டாத்தான். நாயைத் தினமும் தடவுற வீட்டுல உண்ணி முதல் வாரமே கண்ணுல படும். சங்கிலி நாய்க்கு அது சோறு திங்காமப் படுக்கும்போதுதான் தெரியும். அதுக்குள்ள உண்ணிக் காய்ச்சல் ரத்தத்துல இறங்கியிருக்கும்.

வெறிநோயில காமெடி கிடையாது. அறிகுறி வந்துட்டா மனுஷனுக்கு அநேகமா மரணம்தான். குட்டிக்கு மூணு மாசத்துல முதல் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். கடியோ கீறலோ பட்டா, வீட்டு நாயா இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீங்க. குடற்புழு மருந்து தவறாமக் குடுங்க. படுக்கையில நாயைச் சேர்க்கிற ஆளா இருந்தா கண்டிப்பா. (படுக்கை விஷயத்துல நான் அம்மா கட்சி. அதுக்குன்னு ஒரு சாக்கு, அதுக்குன்னு ஒரு மூலை போதும்.)

அப்பா கட்சி ஒரு வாதம் வைக்கும்: "உள்ள வளர்த்தா காவல் காக்காது." இதுக்கு அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல வருஷம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகமாகவே போட்டார்கள். பிறந்த மூணாவது வாரத்திலிருந்து 12 வாரம் வரை மனுஷங்களோட பழகாத குட்டி, பிறகு மனுஷனைப் பார்த்தாலே பயப்படும் என்பது அவங்க கண்டது. பயந்த நாய்தான் பால்காரரையும் கடிக்கும், பக்கத்து வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். யார் வீட்டு ஆள், யார் அந்நியன்னு பிரிச்சுப் பார்க்க, முதல்ல அது வீட்டு ஆளா இருக்கணும் இல்லையா?

இன்னொரு பழக்கம் நம்ம தெருக்கள்ல சகஜம். பகல்ல சங்கிலி, ராத்திரி பத்து மணிக்கு கேட்டைத் திறந்து "போயிட்டு வா ராஜா". ராஜா எங்கே போகுது? கருத்தடை செய்யாத ராஜா ஒரு ராத்திரி போயிட்டு வந்தா, சுமார் 63 நாள் கழிச்சுத் தெருவுல ஏழெட்டுக் குட்டி. 2025 ஆகஸ்ட்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, அதே மாதம் 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னதும் நாடே ரெண்டு கட்சியாச் சண்டை போட்டுச்சு. அந்தச் சண்டையில நம்ம வீட்டுத் திறந்த கேட்டைப் பத்தி யாரும் அதிகமாப் பேசல.

என் ஓட்டு இதுக்குத்தான்: பகல்ல நிழலும் தண்ணியும் இருக்கிற வாசல், கேட் மூடிக் கட்டில்லாம. வெயில் ஏறினாலோ பொழுது சாஞ்சாலோ உள்ளே. காலையும் மாலையும் நடை. பக் மாதிரி ஆளுங்க முழு நேரமும் உள்ளே. தோட்டத்துப் பட்டி நாய்க்கு ராத்திரிக்கு மட்டும் கதவு போட்ட கூரை. தீபாவளி அன்னிக்கு மட்டும் எந்த ஜாதியா இருந்தாலும் வீட்டுக்குள்ளதான். வெடிச் சத்தத்துல சங்கிலியை அறுத்துட்டு ஓடின நாய் எல்லாம் திரும்பி வர்றதில்ல.

கடைசியா, காலேஜ் மக்களே, குட்டியை வாங்கினது நீங்க. ஜூன்ல ஹாஸ்டலுக்குப் போனதும் அதைக் குளிப்பாட்டுறது, காலையில அஞ்சரைக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறது எல்லாம் யாரு? வேணாம்னு சொன்ன அதே அம்மா. நாய் பாதி நேரம் சங்கிலிக்குப் போறதே இப்படித்தான், அம்மாவுக்கு அடுப்பும் இருக்கு, ஆட்டையும் பார்க்கணும், நாயையும் பார்க்கணும்னா எப்படி முடியும்? கிளம்புறதுக்கு முன்னாடி தம்பிகிட்டயோ பக்கத்து வீட்டுப் பையன்கிட்டயோ சாயங்கால நடையை ஒப்படைங்க. ஊசிக் கார்டை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க. அடுத்த ஊசித் தேதியை அம்மா போன்ல அலாரம் வெச்சுட்டு பஸ் ஏறுங்க.