நம் தீவுக்காக வளையும் ரொக்கெட்

இலங்கை மலையகத்தின் வட்டவளை, இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, சுமார் 750 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவச் சுற்றுப்பாதைக்குப் புறப்படும் பி.எஸ்.எல்.வி. ரொக்கெட் நேராகத் தெற்கே வந்தால் நம் மலைகளுக்கு மேலாகத்தான் போக வேண்டும். எரிந்து முடிந்த பாகங்கள் ஊர்மேல் விழும் அபாயத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். ஆகவே அது முதலில் தென்கிழக்கே கடல்மேல் விலகிப் போய், பிறகே தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் செலவாகும் விசையால், சுமக்கக்கூடிய எடை குறைகிறது.

அந்தப் பி.எஸ்.எல்.வி.யைக் கிளப்பும் முதற்கட்டத்தில் இருப்பது சுமார் 139 தொன் திண்ம எரிபொருள். குழாய், பம்பி என்ற சிக்கல் இல்லை. எழும்பும்போதே பெரும் விசை கிடைக்கும். ஆனால் பற்றவைத்தால் இடையில் அணைக்க வழியில்லை.

உள்ளே இருப்பது ஒரு கலவை. ஒட்சிசன் தரும் அமோனியம் பெர்குளோரேற்றுத் தூள், வெப்பத்தைக் கூட்டும் அலுமினியத் தூள், இரண்டையும் பிணைத்துத் தானும் எரியும் எச்.டி.பி.பி. என்ற இறப்பர்ப் பொருள். பிசைந்து, காற்றுக்குமிழி தங்காமல் உறைக்குள் வார்த்து, நாட்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்தால் பள்ளிப் பிள்ளையின் அழிறப்பர் போல இறுகிவிடும். நடுவே நீளத் துளை. அதன் சுவரில் பற்றும் தீ வெளிப்புறமாகத் தின்றுகொண்டே போகும். துளை வட்டமா நட்சத்திரமா என்பதைப் பொறுத்தே நொடிக்கு நொடி உந்துவிசை மாறும். மோட்டாரின் தலையெழுத்து வார்ப்பிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சிறு வெடிப்பு விழுந்தாலும் எரியும் பரப்பு கூடி, அழுத்தம் ஏறி, உறை பிளக்கலாம். அதனால் வார்த்த துண்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சலஞ்சர் விண்ணோடத்தின் திண்ம மோட்டார் இணைப்பில் இருந்த இறப்பர் வளையம் குளிரில் விறைத்தது. அந்த இடுக்கால் கசிந்த நெருப்பு ஏழு உயிர்களைக் குடித்தது.

இந்திய மண்ணில், 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பாவிலிருந்து எழுந்த முதல் ரொக்கெட் அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி. 1980 ஜூலை 18இல், அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3, நான்கு கட்டங்களும் திண்ம எரிபொருளில் ஓட, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் விட்டது. கலாமை அறிந்த அளவுக்கு நம் பிள்ளைகள் வசந்த் கோவரிகரை அறியவில்லை. இந்தியாவின் திண்ம எரிபொருளை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். 2023இல் சந்திரயான்-3ஐத் தூக்கிய இரண்டு எஸ்-200 மோட்டார்களில் ஒவ்வொன்றும் 200 தொன்னுக்கு மேற்பட்ட எரிபொருளைக் கொண்டது.

இப்போது தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைகிறது. 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து கிளம்பப்போகும் எஸ்.எஸ்.எல்.வி. மூன்று திண்மக் கட்டங்கள் கொண்ட சிறிய ரொக்கெட். சுமார் 500 கிலோவை 500 கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோகும். இத்தனை சிறியதற்கு நம் தீவைச் சுற்றிப்போவது கட்டுப்படியாகாது. குலசேகரன்பட்டினத்துக்கு நேர் தெற்கே திறந்த கடல்தான்.

வெற்று உறைகள் விழப்போவது நீர்கொழும்பு, பேருவளைப் பலநாட் படகுகள் ஓடும் இந்து சமுத்திரத்தில். ஏவும் நேரத்தையும் விலக வேண்டிய கடற்பரப்பையும் முன்கூட்டியே அறிவிப்பது உலக வழக்கம். அந்த அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் படகோட்டியின் காதுவரை போய்ச்சேர்வதை, முதல் ரொக்கெட் கிளம்பும் முன்பே நம் அரசாங்கம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.