புதுவையின் பழைய சுவர்கள்

கடற்கரைச் சாலையில் நடக்கும் வெளியூர் அன்பர்கள், "இவையெல்லாம் டூப்ளே காலத்துக் கட்டடங்களா?" என்று கேட்பதுண்டு. பெரும்பாலும் அல்ல. 1761-இல் புதுவையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், கோட்டை, மாளிகை, ஆலயம் எனப் பார்க்காமல் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763-ஆம் ஆண்டு பாரீஸ் உடன்படிக்கைக்குப் பின்னர் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. 1765 முதல் அதை மீண்டும் எழுப்பினார்கள்.

மிஷன் வீதியில் நாம் 'சம்பா கோவில்' என்று அழைக்கும் பேராலயமும் இக்கதைக்கு விலக்கல்ல. இயேசு சபையினர் 1692-இல் கட்டிய ஆலயம் மறு ஆண்டே டச்சுக்காரர்களால் அழிந்தது. பிறகு எழுந்த பெரிய ஆலயம் 1761-இல் வீழ்ந்தது. இன்றுள்ளது 1791-இல் நிறைவுற்றது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக நமக்கு மனமில்லை. 1748-இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, நம் ஆலயத்தை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. அதை அகற்ற வேண்டும் என்று வற்புறுத்தி வந்தவர்களில் இயேசு சபைக் குருக்களும் இருந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இதன் வேதனையைக் காணலாம். மறைக்கல்வி வகுப்பில் பேராலய வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

போர்கள் ஓய்ந்தபின் இடிக்கும் வேலையை மழை எடுத்துக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட 'மேரி' என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று கனமழையில் சரிந்தது. பழைய தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அது புதிய கட்டடம்.

இவை ஏன் விழுகின்றன? பழைய மாடிக் கூரையில் மர உத்திரங்களின் மேல் கட்டைகளை அடுக்கி, சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திப் பதித்திருப்பார்கள். மேல்தளம் விரிசல்விட்டால் நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனை கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் 'உறுதிக்காக' சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, செங்கல் பொரிந்து உதிரும். நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பே பல கட்டடங்களுக்கு நோயாகிவிடுகிறது.

காப்பாற்ற முடியாததல்ல. வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக நின்ற தமிழர் வீடுகளின் முகப்புகளை இன்டாக் அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து சீரமைத்தது. அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வெள்ளையர் பகுதியை மட்டுமே படம்பிடிப்பவர்கள் அந்தத் தெருவுக்கும் ஒருமுறை போய்வரட்டும்.

பழைய ஆலயமோ பங்கு இல்லமோ உள்ள பங்குகளில் சீரமைப்புப் பேச்சு எழுந்தால், வண்ணம் பற்றி முடிவெடுக்கும் முன் ஐப்பசிக்கு முன்பாக ஒருவர் மாடியேறிப் பார்க்கட்டும்: நீர்த்தாரை அடைபட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இப்போது குறைவு; கிடைத்தால் அவரையே அழையுங்கள்.