பாதி வழியில் நிற்கும் வண்டி: பெட்ரோல் எங்கே தடைபடுகிறது?

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்கு லாரி கிடையாது. மோட்டார் சைக்கிள்தான் லாரி. விடியற்காலையில் மொத்தக் கடையில் சரக்கு எடுத்து, ஹோட்டல்காரர் அடுப்பு பற்றவைப்பதற்குள் கொண்டு சேர்க்க வேண்டும். வண்டி நடுவழியில் நின்றால் அன்றைய ஆர்டர் போவதோடு முடிவதில்லை, வாடிக்கையும் கைமாறிவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் கடை வண்டி நாலைந்து கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து உதைத்தால் கிளம்பும். சரக்கு கொண்டுபோகும் பையன் இதைச் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுக் கதை சொல்கிறான் என்று எண்ணி, ஒருநாள் அரைச் சம்பளத்தையும் பிடித்துவிட்டோம். மெக்கானிக் வந்து டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. வண்டி உடனே கிளம்பியது. மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. மழைத் தண்ணீர் இறங்காதிருக்க மூடியைச் சுற்றி பாலிதீன் தாளை இறுக்கிக் கட்டியவர்கள் நாங்களேதான். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. பிடித்த சம்பளத்தை அன்று மாலையே கொடுத்தோம்.

ஆகவே வண்டி நின்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம். டேப் 'ஆன்' நிலையில் நின்றுபோனால் 'ரிசர்வ்' பக்கம் திருப்புங்கள். சரக்கு மூட்டை அழுத்தி டியூப் மடங்கியிருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியென்றால், எஞ்சின் ஆறிய பிறகு கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலைப் பிடியுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் தடை மேலே இருக்கிறது: டேப்பின் சல்லடை, ஃபில்டர், டியூப், பிளோட் ஊசி என்று தேட வேண்டும். தாராளமாக வந்துகொண்டே இருந்தால் ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். சோக் இழுத்தால் மட்டும் ஓடும் வண்டிக்கும் பெரும்பாலும் ஜெட்தான் காரணம். அதைக் காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு மைலேஜ் குறைகிறது என்று புலம்ப வேண்டியதுதான். பெட்ரோல் வெளியே வழிந்தால் பிளோட் ஊசி தேய்ந்திருக்கும், அல்லது அதில் தூசு சிக்கியிருக்கும்.

குப்பியின் அடியில் தனி அடுக்காக ஏதேனும் தெரிகிறதா என்றும் பாருங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். வண்டியை உறிஞ்சவிடாமல் டேங்க்கைக் காலிசெய்வதே வழி. சீசன் இல்லாத மாதங்களில் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். பங்க்கின்மீது சந்தேகம் வந்தால் ஃபில்டர் தாள் சோதனை கேட்க நமக்கு உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரே இல்லை. டேங்க்கினுள் மின்சாரப் பம்ப் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கில் ஸ்விட்ச், ஃபியூஸ், பேட்டரி ஆகியவற்றைப் பாருங்கள், அதற்குமேல் பணிமனைக்குத்தான். அழுத்தத்தில் பெட்ரோல் ஓடும் குழாயை நாமே கழற்றக் கூடாது. அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதும் பெட்ரோலே என்பதால், ஐம்பது ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது.

குப்பியில் பிடித்த பெட்ரோலைக் கடைக்குள் வைத்துவிடாதீர்கள். சூடமும் தீப்பெட்டியும் அடுக்கியிருக்கும் அலமாரிகள் நம்முடையவை.