வான்வழி ஆம்புலன்ஸ் பயணம்: உயரத்தில் நோயாளியின் உடலில் நிகழ்வன

தீவிர சிகிச்சை தேவைப்படும் நோயாளியைத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்லச் சிறிய விமானமோ ஹெலிகாப்டரோ பயன்படுத்தப்படுகிறது. இப்பயணம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் உடலுக்குச் சுமையாகவும் அமைகிறது. தரையில் சீராக இருக்கும் நோயாளியின் நிலை, நோய் முற்றாத போதும், உயரத்தின் காரணமாகவே மாறக்கூடும்.

இதனால்தான் உடன் செல்லும் மருத்துவக் குழுவினர் புறப்படும் முன் பல கேள்விகள் கேட்கின்றனர். சில வேளைகளில் பயணத்தைத் தள்ளிவைக்கின்றனர் அல்லது மறுக்கின்றனர். கவலையில் இருக்கும் குடும்பத்தினருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றலாம். அம்முடிவுகளுக்கான காரணங்களையும், பராமரிப்பாளர் செய்ய வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

உயரத்தில் ஆக்சிஜன் ஏன் குறைகிறது?

எந்த உயரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடே. உயரம் கூடும்போது குறைவது காற்றின் அழுத்தம். கடல்மட்டத்தில் 760 பாதரச மில்லிமீட்டராக உள்ள அழுத்தம், 8,000 அடி உயரத்தில் ஏறத்தாழ 565 ஆகக் குறைகிறது. அழுத்தம் குறையும்போது நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் ஆக்சிஜனும் குறைகிறது.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், அதன் உள்ளே பொதுவாக 6,000 முதல் 8,000 அடி உயரத்திற்கு ஈடான அழுத்தமே பராமரிக்கப்படுகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் சுவாசிப்பதற்கு இது ஒப்பாகும். நலமானவரின் இரத்த ஆக்சிஜன் அளவும் இந்நிலையில் 90 முதல் 93 விழுக்காடு வரை இறங்கக்கூடும். அவர் அதை உணராமலும் இருக்கலாம். நுரையீரல் நோய், இதயச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை ஆகியவை உள்ளவர்களுக்கு இச்சிறு குறைவையும் தாங்கும் இருப்பு உடலில் இராது. எனவே, தரையில் ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கும் பயணத்தின்போது அது தேவைப்படலாம். குழுவினர் பயண நேரத்தைக் கணக்கிட்டு, தாமதத்திற்கான கூடுதல் இருப்புடன் ஆக்சிஜனை எடுத்துச் செல்வர்.

அடைபட்ட காற்று விரிவடைதல்

வெளி அழுத்தம் குறையும்போது உடலில் அடைபட்டிருக்கும் காற்று விரிவடைகிறது. கடல்மட்டத்திலிருந்து 8,000 அடிக்கு ஈடான அழுத்தத்திற்குச் செல்லும்போது அதன் பருமன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். கீழ்க்கண்ட நிலைகளில் இது ஆபத்தாகலாம்.

• நெஞ்சறையில் காற்று: நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்று விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் அழுத்தும். ஆகவே, காற்றை வெளியேற்றும் குழாய் புறப்படும் முன்பே பொருத்தப்படுகிறது.
• வயிற்று அறுவை சிகிச்சை: குடலில் உள்ள காற்று விரிந்து புதிய தையல்களை இழுக்கக்கூடும்.
• கண் அறுவை சிகிச்சை: விழித்திரை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணினுள் வாயு செலுத்தப்படும். அது விரிந்தால் பார்வையே பறிபோகலாம். வாயு கரையச் சில நாட்கள் முதல் பல வாரங்கள் வரை ஆகும்; அதுவரை பறக்கலாகாது.
• தலைக்காயம்: மண்டையோட்டினுள் புகுந்த காற்று விரிந்து மூளையை அழுத்தக்கூடும்.
• மாவுக்கட்டு: கட்டப்பட்டு 48 மணி நேரம் ஆகாத கட்டு, வீக்கத்தால் இரத்த ஓட்டத்தைத் தடுக்காதிருக்க நீளவாக்கில் பிளந்துவிடப்படும்.
• செயற்கை சுவாசக் குழாய்: குழாயை மூச்சுக்குழலில் நிலைநிறுத்தும் சிறு காற்றுப்பையும் விரியும். அதன் அழுத்தத்தைக் குழுவினர் அவ்வப்போது அளந்து சரிசெய்வர்.

விமானம் இறங்கும்போது செவியில் வலி ஏற்படுவது இயல்பு. விழுங்குதல் அதைத் தணிக்கும். மருத்துவர் தடை கூறாவிடில் அவ்வேளையில் கைக்குழந்தைக்குப் பாலூட்டலாம்.

தாழப் பறத்தல்

சில நோயாளிகளுக்காக விமானத்தின் உள்ளழுத்தம் கடல்மட்ட அளவிலேயே வைக்கப்படும். அதற்கு விமானம் வழக்கத்தைவிடத் தாழப் பறக்க வேண்டும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்; பயண நேரம் நீளலாம்; இடையே தரையிறங்கவும் நேரலாம். இவற்றைப் புறப்படும் முன்பே திட்டமிட வேண்டும். பாதி வழியில் ஒரு பழைய அறுவை சிகிச்சை நினைவுக்கு வந்தால், குழுவினரால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஹெலிகாப்டர்களில் பொதுவாக உள்ளழுத்தம் பராமரிக்கப்படுவதில்லை. அவை தாழப் பறப்பதால் சமவெளியில் பெரும் மாற்றம் நேராது. மலைகளைக் கடக்கும்போது மேற்கூறிய விளைவுகள் தோன்றலாம்.

புறப்படும் முன்பே ஏன் குழாய் பொருத்தப்படுகிறது?

தானாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் நோயாளிக்குச் சுவாசக் குழாய் பொருத்தப்படுவதைக் கண்டு உறவினர் அஞ்சுவதுண்டு. நோய் திடீரென முற்றிவிட்டது என்பது மட்டுமே இதற்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. வானூர்தியினுள் இடம் மிகக் குறுகலானது. இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப்பால் மூச்சொலியைக் கேட்பது அரிது. கருவிகளின் எச்சரிக்கை ஒலியும் கேளாமற்போகலாம். எனவே, குழுவினர் திரையையும் விளக்குகளையும் கண்ணால் தொடர்ந்து கவனிக்கின்றனர். வானில் அவசரமாகச் செய்ய நேரிடும் சிகிச்சையை மருத்துவமனையிலேயே நிதானமாகச் செய்துகொள்வது பாதுகாப்பானது. அதற்குச் செலவாகும் நேரம் வீணன்று.

அதிர்வு எலும்பு முறிவின் வலியைக் கூட்டும். வறண்ட காற்று சளியைக் கெட்டிப்படுத்தும். குளிர் உடல் வெப்பத்தைக் குறைக்கும். எனவே, வலி நிவாரணி, ஈரப்பதமூட்டல், போர்வை ஆகியவை சிகிச்சையின் பகுதிகளே.

குழுவினரின் உடல்நலமும் நோயாளியின் பாதுகாப்பே

அதே உயரமும் இரைச்சலும் குழுவினரையும் பாதிக்கின்றன. சோர்வு, நீரிழப்பு, தூக்கமின்மை ஆகியவை அவர்களின் கணிப்பைத் தடுமாறச் செய்யும். ஆகவே அவர்களுக்குப் பணி நேர வரம்பும் ஓய்வு விதிகளும் உள்ளன. இந்தியாவில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் வானூர்திக் குழுவினர் மது அருந்தக் கூடாது. சாதாரணச் சளிக்கான மாத்திரையும் தூக்கம் வரவழைக்கலாம் என்பதால், அதை உட்கொண்டவர் பணியிலிருந்து விலக நேரிடும்.

35,000 அடி உயரத்தில் உள்ளழுத்தம் திடீரெனக் குறைந்தால், தெளிவாகச் செயல்படக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவே. அதனால் செவிலியர் முதலில் தமது முகமூடியை அணிந்துகொண்டு, பின்னரே நோயாளியைக் கவனிப்பார். இது புறக்கணிப்பு அன்று. மயங்கியவரால் பிறரைக் காக்க இயலாது.

வானிலை மோசமாக இருக்கும்போது பறக்க மறுப்பதும் இத்தகையதே. குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் பயணத்தைக் கைவிடுவது பல நாடுகளின் வான்வழி மருத்துவச் சேவைகள் பின்பற்றும் நெறி. இரக்கத்தால் முடிவு பிறழக் கூடாது என்பதற்காக, நோயாளியின் நிலையை விமானியிடம் தெரிவிக்காமலே பறக்கும் முடிவைக் கேட்பதும் உண்டு. எனவே, உறவினர் விமானியிடம் மன்றாடுவதைத் தவிர்க்க வேண்டும். அவ்வேளையில் சாலைவழிப் பயணம் ஏற்றதா என்பதை மருத்துவரிடம் கேட்கலாம்.

பராமரிப்பாளர் தெரிவிக்க வேண்டியவை

• அண்மையில் நடந்த எல்லா அறுவை சிகிச்சைகளும் அவற்றின் நாட்களும். குறிப்பாகக் கண், வயிறு, நெஞ்சு, தலை.
• நோயாளி உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, ஸ்கேன் அறிக்கைகள்.
• மூச்சுக்கருவியுடன் கடலில் மூழ்கியிருந்தால் அந்த நேரம். ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் பறக்கலாகாது. மூழ்கிய பின் மூட்டுவலியோ மயக்கமோ இருந்தால் உடனே கூறவும்.
• நோயாளி, உடன் செல்பவர், பொருட்கள் ஆகியவற்றின் உண்மையான எடை. வானூர்தியின் சமநிலையும் எரிபொருள் அளவும் இதைச் சார்ந்தவை.
• உடன் செல்பவரின் இதயநோய், கர்ப்பம், பயண ஒவ்வாமை, குறுகிய இடத்தில் அச்சம்.

பயணத்தின்போது

• குழுவினர் சைகை காட்டிய பின்னரே, அவர்கள் காட்டும் வழியில், விமானியின் பார்வை படும்படி முன்புறமாக ஹெலிகாப்டரை அணுகவும். வால் பகுதிக்கு ஒருபோதும் செல்ல வேண்டாம்.
• துப்பட்டா, சேலை முந்தானை, தொப்பி ஆகியவற்றை இறுகக் கட்டிக்கொள்ளவும் அல்லது அகற்றவும்.
• சொந்த ஆக்சிஜன் சிலிண்டரையும் மின்கலக் கருவிகளையும் அனுமதியின்றி எடுத்துவர வேண்டாம்.
• இருக்கை வார்ப்பட்டையை அணிந்திருக்கவும். நோயாளியின் நிலை மாறினாலும் அழைக்கப்படாமல் எழ வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• இடமாற்றத்தால் கிடைக்கும் பயன், பயணத்தின் ஆபத்தைவிடக் கூடுதலா?
• வழியில் நிலை மோசமானால் என்ன செய்யப்படும்?
• சென்றடையும் மருத்துவமனையில் படுக்கை உறுதி செய்யப்பட்டுள்ளதா?
• இரு முனைகளிலும் தரைவழி ஆம்புலன்ஸ் ஏற்பாடாகியுள்ளதா?

குழுவினர் தரையிலேயே தம் திட்டத்தை மாற்றிக்கொள்ளக் குடும்பத்தினர் தரும் முழுமையான தகவலே உதவுகிறது. சிறிதெனத் தோன்றும் செய்தியையும் மறைக்காமல் கூறவும்.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. சிகிச்சையளிக்கும் மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்றாக மாட்டா.