கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

செம்மேட்டில் மலையாளிப் பழங்குடியினர். பரமத்தி மறுவாழ்வு முகாமில் போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர். இரு தரப்பினரும் நாமக்கல் மாவட்டத்தார். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள், பழங்குடியினரையும் அகதிகளையும் தனிப் பாதுகாப்பு தேவைப்படுவோராகவே வகைப்படுத்துகின்றன.

ஆய்வு அவசியம். போரின் நினைவால் தூக்கமிழந்தவர் எத்தனை பேர், சர்க்கரை மாத்திரை இடையில் நின்றுபோனவர் எத்தனை பேர் என்ற கணக்கில்லாமல் முகாமுக்கு மருத்துவரும் வரமாட்டார், மருந்தும் வராது. ஆனால் உதவித்தொகையும் பதிவும் அதிகாரிகளை நம்பியிருக்கும் இடத்தில், 'மாட்டேன்' என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அச்சத்தில் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது.

கம்மம் தந்த பாடம்

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. பலர் பழங்குடி விடுதி மாணவியர். 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே 2,763 படிவங்களில் கையெழுத்திட்டிருந்ததை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு வெளிப்படுத்தியது.

உங்கள் உரிமைகள்

• ஆய்வு எதற்கு, என்ன செய்வார்கள், என்ன ஆபத்து என்பதைப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி முன்னிலையில்தான் கைநாட்டு வைக்க வேண்டும்.
• ஊர்ப் பெரியவரோ முகாம் தலைவரோ தரும் அனுமதி உங்கள் சம்மதத்துக்கு ஈடாகாது.
• 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஏழு வயது கடந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும்.
• எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.
• ஆய்வால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்கள் அல்லாதவருக்கும் உண்டு என்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எங்கே முறையிடலாம்?

சம்மதப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்க வேண்டும். முதல் புகார் அங்கே. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

ஆய்வு முடிந்ததும் என்ன கண்டறிந்தீர்கள், எங்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். ரத்தமும் தகவலும் உங்களுடையவை. அந்தப் பதிலும் உங்களுக்கு உரியது.